மூன்றாவது குறுக்குத் தெரு மாதா

கொண்டப்பநாயக்கன்பட்டி
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். சும்மா இருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் பசுமை கார்டன் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எண்பது வீடு. குப்பை வண்டி வராவிட்டாலும் நான்தான், தெருநாய் குரைத்தாலும் நான்தான்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் மடத்து மதருக்குப் போன் செய்யலாம். ஆனால் அவர் வாய் வழியாக உன்னிடம் வரும்போது அது வேறு மாதிரி ஆகிவிடும். எங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு முடிகிற இடத்தில், ஏற்காட்டு மலையைப் பார்த்த மாதிரி, மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டப் போகிறோம். இங்கே பாதிக்கு மேல் நம் சபை ஆட்கள். மற்றவர்களும் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் ஜெயபிரகாஷ் திருச்செங்கோட்டுக்காரர், போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார், நம் வேதம் கிடையாது. அவர்தான் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறார். "ஏனுங்கண்ணா, சாமியில என்னுங்க உங்க சாமி எங்க சாமி, சட்டுனு கட்டிப்போடலாங்க" என்கிறார்.

உங்கள் மடத்துப் பார்வையாளர் அறையில் இருந்த பழைய லூர்து மாதா சொரூபத்தை ஸ்டோர் ரூமில் எடுத்து வைத்துவிட்டதாகப் போன முறை பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னாய். அதைக் கொடுப்பீர்களா? புதிதாகவே செய்யச் சொல்லலாம். ஆனால் கார்மேல் மடத்துச் சொரூபம் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஃபாத்திமாவைக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறாள். ஓடைக்கரை ஜனங்களுக்கு அரசாங்கம் கட்டுகிற மாடி வீடுகளில் அவளுக்கு ஒன்று ஒதுக்கிவிட்டார்கள். விண்ணப்பத்தை நான்தான் என் கையால் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது எங்கே கட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது பார்த்தால் எங்கள் நகருக்கு நேர் பின்னால் கட்டுகிறார்கள், தொண்ணூற்றாறு வீடு.

தம்பி
மிக்கேல்

---

மடம்
6 செப்டம்பர் 2023

மிக்கேல்,

நீ மரியே வாழ்க என்று ஆரம்பித்தால் பின்னால் ஏதோ கேட்கப் போகிறாய் என்று அர்த்தம். எட்டு வயதிலிருந்து அப்படித்தான்.

மதர் சம்மதித்துவிட்டார். சொரூபத்தை வைக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறோம், வண்டி அனுப்பு. நாலடி உயரம். இடது கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருக்கும். அதைச் சிமெண்ட் வைத்து ஒட்டி அசிங்கப்படுத்தாதே. அந்தச் சொரூபத்துக்கு முன்னால்தான் நான் இந்த மடத்துக்குள் வந்த அன்று அம்மாவிடம் விடைபெற்றேன். அது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அப்போது வெளியே ஐஸ் வாங்கித் தின்றுகொண்டிருந்தாய்.

ஒரு நிபந்தனை. கெபியில் மன்றாட்டுப் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். ஜனங்கள் எழுதிப் போடுகிற சீட்டுகளை மாதம் ஒரு தடவை கவரில் போட்டு இங்கே அனுப்பு. நற்கருணைப் பேழைக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படித்து மன்றாடுவோம். உள்ளே அடைந்து கிடக்கும் எங்களுக்கு அதுதான் வேலை. நீ எதையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. மாதாவுக்கு எழுதினது மாதாவுக்கு.

ஃபாத்திமாவுக்கு வீடு என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஃபாத்திமா மாதாவின் பெயரை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் நம் அம்மாவின் பீ மூத்திரம் அள்ளியவள். பெற்ற பிள்ளைகள் நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூட அதைச் செய்யவில்லை. நான் கம்பிக்குப் பின்னால் இருந்தேன், நீ கடையில் இருந்தாய். அவள் சாவி வாங்குகிற அன்று எனக்கு எழுது.

ஒரு சந்தேகம். தெரு முடிகிற இடம் என்கிறாயே, அங்கே வண்டி திரும்பாதா? யாருக்கும் இடைஞ்சல் இல்லையே?

இன்பமேரி

---

10 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, பயப்படாதே. முந்தாநாள் அமல உற்பவத் திருநாள் அன்று பங்குச் சாமியார் வந்து கெபியை மந்திரித்து வைத்தார். பாறை அடுக்கின மாதிரி பன்னிரண்டு அடி உயரம், தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அகலம். சுண்டுவிரலைத் தொடவில்லை. ஜெயபிரகாஷ் வீட்டம்மா பட்டுச் சேலை கட்டி வந்து முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

நீ கேட்ட இடைஞ்சல் ஒன்றும் இல்லை. தெரு அங்கே முடிகிறது, அவ்வளவுதான்.

சொரூபத்தையும் பெட்டியையும் வைத்த நாளிலிருந்தே ஃபாத்திமா சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். நேற்று நான் அங்கே நின்றேன். ஓடைக்கரையிலிருந்து பஸ் ஏறி, ஸ்டாப்பில் இறங்கி அரை மணி நேரம் நடந்து வந்திருந்தாள். முட்டி போட்டு முழுச் செபமாலையும் சொன்னாள். நானே அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தேன். "நீங்க நல்லா இருக்கோணுங்கண்ணா, நாங்க வர்ற எடத்துல மாதாவ கொண்டாந்து வெச்சுருக்கீங்க" என்றாள். சாவி இன்னும் கொடுக்கவில்லை. கட்டடம் முடிந்துவிட்டது. அரசாங்க வேலை, ஏதோ ஒன்று பாக்கி இருக்கும்.

முதல் கவர் இத்துடன். நாற்பது சீட்டுக்கு மேல் இருக்கும். சத்தியமாக ஒன்றையும் பிரிக்கவில்லை.

மிக்கேல்

---

மடம்
9 ஜனவரி 2024

மிக்கேல்,

நீ பிரிக்கவில்லை என்று நம்புகிறேன். பிரித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய்.

இது எங்களுக்கு வந்த சீட்டுகளில் ஒன்று. நல்ல பேனா, நல்ல கையெழுத்து, பெயர் இல்லை: "அன்னையே, நீரே எங்கள் மதில். பின்பக்கத்து ஜனங்கள் எங்கள் தெருவில் கால் வைக்காதபடி வழியை அடைத்து நின்று காத்தருளும். எங்கள் மனைகளின் மதிப்புக் குறையாதிருக்க மன்றாடுகிறோம்." இதே பொருளில் இன்னும் ஒன்பது சீட்டு. நான் சத்தமாகப் படிக்க வேண்டிய முறை. மூன்றாவது சீட்டில் நிறுத்திவிட்டேன். மற்ற சகோதரிகள் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். ஐந்தாவது படித்தவள் எழுத்து எனக்குத் தெரியும். நீ கொண்டுவந்து காட்டுகிற நோட்டில் அம்மாவுக்கு மருந்து கொடுத்த நேரத்தை அந்தக் கையெழுத்தில்தான் பதினோரு வருடம் குறித்து வைத்தாள். "மாதாவே, எனக்கு வந்த ஊட்டுக்கு ரோடு இல்லேன்னு சாவி தர மாட்டேங்கறாங்க. ரோடு எப்ப வரும்னு கேட்டா ஆபீசுல சிரிக்கறாங்க. ரோடு வரச் செய் தாயே. இப்படிக்கு ஃபாத்திமா, ஓடைக்கரை."

தெரு அங்கே முடிகிறது என்று எழுதினாய். அது தானாக முடிகிறதா, நீங்கள் முடித்து வைத்தீர்களா? எனக்கு ஒரு படம் போட்டு அனுப்பு. உங்கள் வீடு, தெரு, கெபி, அந்தத் தொண்ணூற்றாறு வீடு. ஃபாத்திமா நடந்து வருகிற அரை மணி நேரம் எந்தப் பக்கமாக என்றும் போடு.

இன்பமேரி

---

4 பிப்ரவரி 2024

அக்கா,

படம் பின்பக்கம் இருக்கிறது. பார்த்துக்கொள். மனைப்பிரிவு வரைபடத்தில் ரோடு நேரே போகிறது, நாற்பது அடி. நாங்கள் மனை வாங்கினபோது பின்னால் சோளக்காடு. அந்த ரோட்டை நம்பித்தான் அரசாங்கம் அங்கே கட்டியிருக்கிறது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்சேபணை மனு கொடுத்தோம். தலைவர் என்று முதல் கையெழுத்து என்னுடையது. மனு ஒரு மூலையில் போய் விழுந்தது. மதில் எழுப்பலாம் என்று கூட்டத்தில் பேசினோம். மதில் கட்டினால் ஜேசிபி வைத்து ஒரே நாளில் இடித்துவிடுவார்கள். அப்போது ஜெயபிரகாஷ்தான் சொன்னார்: "செவுத்த இடிப்பாங்கண்ணா, சாமிய இடிப்பாங்களா? அதுலயும் உங்க மாதான்னா எந்த ஆபீசரும் கிட்டத்துல வரமாட்டாருங்க."

நான் எழுந்து எதிர்த்திருக்க வேண்டும் என்பாய். கம்பிக்குப் பின்னால் இருந்து சொல்வது சுலபம். நான் நாற்பது வருடம் கிரீஸ் கையோடு சோறு தின்று கட்டின வீடு இது. பேரன் சைக்கிள் ஓட்டுகிற தெரு. அந்தத் தொண்ணூற்றாறு வீட்டு ஆட்டோவும் மீன் வண்டியும் கல்யாண மைக் செட்டும் என் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஃபாத்திமா ஒருத்தி என்றால் என் வீட்டிலேயே வைத்துக்கொள்வேன். அவளோடு இன்னும் தொண்ணூற்றைந்து குடும்பம் வருகிறதே, அதற்கு நான் என்ன செய்ய?

அதையும் கேட்டுப் பார்த்தேன். கார் நிறுத்துகிற ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் வந்து இரு, ஓடைக்கரை வேண்டாம் என்றேன். "வேண்டாங்கண்ணா, எனக்குனு ஒரு கதவு வேணுங்க, நான் தொறந்து நான் சாத்தற மாதிரி" என்றாள். நல்லது செய்யப் போனால் இப்படி.

மாதாவிடம் ஒருவர் ரகசியமாகச் சொன்னதை நீ காகிதத்தில் எடுத்து எழுதி எனக்கு அனுப்பினது சரியா? பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். இனி கவர் வராது.

மிக்கேல்

---

மடம்
1 மார்ச் 2024

மிக்கேல்,

சொரூபத்தைத் திருப்பி அனுப்பு.

மதரிடம் கேட்டேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையில்லை என்கிறார். அது அவர் சொல்வது. நான் கேட்கிறேன். மடத்துச் சொரூபம் என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று எழுதினாயே, அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. பெருமையாக இருந்தது. அந்தப் பாவம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பத்தொரு வருடமாக நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறேன். சாத்திக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் என்னை உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டேன். நீ மற்றவர்களை வெளியே வைத்துச் சாத்தியிருக்கிறாய். அதற்கு மாதாவைப் பிடித்து நிற்க வைத்திருக்கிறாய்.

ஃபாத்திமாவிடம் உண்மையைச் சொல். அவள் யாரிடம் போய் எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் சொல்.

இன்பமேரி

---

27 அக்டோபர் 2024

அக்கா,

எட்டு மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம்தான். உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போய் கிழிக்காமல் பீரோவில் வைத்தேன்.

ஃபாத்திமா இறந்துவிட்டாள். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. மலையில் காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கு ஓடையில் தண்ணீர் வந்தது. அவளுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். பின்சுவர் மண் சுவர், அப்படியே உள்ளே விழுந்தது. அவள் மகள் ஜோஸ்லின் கொலுசுப் பட்டறையில் வேலை முடித்து வரும்போது தெருவே இல்லை. மறுநாள் காலையில் எடுத்தார்கள்.

நான் அடக்கத்துக்குப் போனேன். பின்னால்தான் நின்றேன். ஜோஸ்லின் ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வீட்டு ஒதுக்கீட்டு உத்தரவு, கூடவே விண்ணப்ப நகல். என் கையெழுத்து அக்கா. பெயர் ஃபாத்திமா, வயது ஐம்பத்திரண்டு என்று நான் எழுதினது. தண்ணீர் படவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பூட்டுப் போட்டேனே தவிர மேலே இருந்த துவாரத்தை அடைக்கவில்லை. ஜனம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நோட்டுத் தாள் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்தேன். முப்பத்தேழு. பிரிக்கக் கூடாது என்று நீ சொன்னதை மீறிவிட்டேன். முப்பத்தாறில் ஒரே பாட்டுதான், ரோடு வரச் செய் தாயே, ரோடு வரச் செய் தாயே. அவளுக்கு விஷயம் தெரியவே தெரியாது என்று நினைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். நானும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொல்லியும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

கடைசிச் சீட்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதி போட்டது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"தாயே, அவங்க எதுக்கு உன்னைய இங்க வெச்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உம்மேல கோவம் இல்ல. நீ எங்கயும் போக வேண்டாம். கொஞ்சம் ஒருக்களிச்சு ஓரமா நின்னுக்கோ சாமி. நாங்க போயிக்கறோம்."

அன்றைக்கும் நான் மெழுகுவர்த்தி கொடுத்தேன். அன்றைக்கும் வாங்கிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும் என்று எழுது.

மிக்கேல்

---

மடம்
5 நவம்பர் 2024

தம்பி,

உன் கடிதம் கல்லறைத் திருநாள் அன்று வந்தது. ஃபாத்திமா பெயரை மதரிடம் சொல்லிச் சேர்த்து, அவளுக்காகவே பூசை வைத்தோம். அழுதேன். நீயும் அழுதிருப்பாய். அதனால் ஒருவருக்கும் கதவு திறக்காது.

உன்னிடம் பத்திரம் இருக்கும். ரோடு ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்ததா இல்லையா என்று சங்கத் தலைவருக்குத் தெரியாமல் இருக்காது. அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போ. இது ரோடு, இதை நாங்கள் வேண்டுமென்றே அடைத்தோம், அடைத்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. பிறகு ஆள் கூட்டிக்கொண்டு போய் மாதாவை இறக்கு. மற்றத் தொண்ணூற்றைந்து குடும்பத்துக்கு அடுத்த மழை வரும்.

முப்பத்தேழு சீட்டையும் எனக்கு அனுப்பு.

அக்கா

---

15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். எப்போது செய்தேன் என்பதுதான் பிரச்சினை. நவம்பர் முழுக்க யோசித்தேன். பையன் என்ன சொல்வான், பக்கத்து வீட்டில் முகத்தைப் பார்க்க முடியுமா என்று யோசித்தேன். டிசம்பர் இரண்டாம் தேதிதான் ரோட்டுத் தானப் பத்திர நகலோடு போனேன். அதிகாரி என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏங்க, ஆட்சேபணை மனுவுல முதல் கையெழுத்தும் நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த ஃபைல் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அணுகுசாலை இல்லாத காரணத்தால் அந்தக் கட்டடங்களை வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு, ஜனங்களுக்கு ஆத்தூர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் தள்ளி இடம் ஒதுக்கி, அதற்கு முந்தின வாரம்தான் உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் அக்கா.

ஃபாத்திமா பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இறந்தவர்கள் பெயரை நீக்கிவிட்டார்களாம். ஜோஸ்லின் புதிதாக மனுப் போட வேண்டும்.

சரி, மாதாவையாவது இறக்குவோம் என்று நேற்று இரண்டு கொத்தனார்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கத்தில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கிப் பத்து நாளாகிறது. ஜெயபிரகாஷ் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணா, எம்பொண்ணு ஏழு வருசங்கழிச்சு மாசமா இருக்குதுங்க. இந்தத் தாயிகிட்ட வேண்டிக்கிட்டதுங்க. எங்க ஊட்ட வேணா இடிச்சுப்போடுங்க, இது மேல கை வைக்காதீங்க" என்றார். கண்ணில் தண்ணீர். நடிக்கவில்லை. அந்தச் சீட்டும் பெட்டிக்குள்ளேதான் இருந்திருக்கும்.

அவரைத் தாண்டிக்கொண்டு போயிருப்பேன். ஜோஸ்லின் வந்துவிட்டாள். சனிக்கிழமை. அம்மா வந்த அதே பாதையில், அதே நேரத்துக்கு வந்திருந்தாள். கொத்தனார் கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதுக்குங்க எடுக்கறீங்க?"

"ரோட்டுக்கு வழி விடத்தான் சாமி" என்றேன்.

"ரோடு யாருக்குங்க இப்ப? எல்லாரும் ஆத்தூர் ரோட்டுக்குப் போறாங்க. எங்கம்மாளும் போயிருச்சு. இப்ப எடுத்தா உங்களுக்குத்தானுங்க நல்லாருக்கும், வேற யாருக்குங்க?" அவள் சத்தம் போடவில்லை. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற பெண் அல்லவா, விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது. அந்தக் கையால் மாதாவின் பாதத்தைத் தொட்டாள். "எங்கம்மா ஒரு சனிக்கெழம உடாம முட்டி போட்ட எடமுங்க இது. எங்க ஊடு இருந்த எடத்துல ஒண்ணுமே இல்லீங்க, ஓடதான் ஓடுது. எங்கம்மா இருந்ததுக்கு இந்த எடந்தானுங்க இருக்குது. வெச்சது நீங்க. இருக்கட்டும். தெனமும் பாருங்க."

கொத்தனார்கள் என்னைப் பார்த்தார்கள். போகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே மாதா அங்கேயேதான் நிற்கிறாள். பின்னால் தொண்ணூற்றாறு வீடும் பூட்டிக் கிடக்கிறது. என் மாடியில் நின்றால் இரண்டும் தெரியும். திருப்பி அனுப்பச் சொன்னாய், அனுப்ப முடியவில்லை. முப்பத்தேழு சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதினது ஒன்றும் சேர்த்து முப்பத்தெட்டு. அதை மட்டும் சத்தமாகப் படிக்காதே.

ஜோஸ்லின் முட்டி போட்டாள். நான் பழக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்து ஏற்றினாள். வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மிக்கேல்